நான்கு விரல் குறைவு

சித்திரை பதினேழு. மூன்றாம் நடை.
டிராக்டர் வேதரத்தினத்துடையது,
டேங்கர் வனத்துறையுடையது,
ஹோஸைப் பிடித்திருக்கும் கை என்னுடையது.
தண்ணீர் யாருடையது என்று
இதுவரை எந்த ரசீதிலும் இல்லை.

குடகில் பிறந்த ஆறு
கொள்ளிடத்து மணலில் குழாய்க்குள் இறங்கி
நாகை ஜில்லா முழுக்க இருட்டிலேயே நடந்து
அகஸ்தியம்பள்ளி உப்பளம் தாண்டி
கோடியக்கரைக் காட்டுக்கு
டயரில் வருகிறது.
மூடி சரியில்லை, வழியெல்லாம் சிந்தும்.
தார் ரோட்டில் அது போடும் ஈரக்கோடுதான்
எங்கள் பக்கத்துக் காவிரியின் அகலம்.
அது காய்வதற்குள்
மைனாக்கள் இறங்கிவிடுகின்றன.

கிழக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
மிச்சத் திசைக்கு உப்பு.
ஐந்தடி தோண்டினால் நல்ல தண்ணீர்,
ஆறாவது அடியில் உவர்.
அந்த ஓரடி வித்தியாசத்தில்தான்
இத்தனை கொம்புகளும் குளம்புகளும்.
சித்திரையில் அந்த ஐந்தடியும் கரிக்கும்.

ஏழு தொட்டி.
எண் போட்டிருக்கிறோம், சிவப்பு பெயிண்டில்.
முதலில் பெட்டை மான்கள், வயிறு தாழ்ந்தவை.
கறுத்த இரலை தள்ளி நிற்கும்,
முறுக்குக் கொம்பை முதுகில் சாய்த்து,
தாகமே இல்லாதவன் போல.
மட்டக்குதிரைகள் வந்துவிட்டால்
வரிசை என்று ஒன்றே கிடையாது.
நரி கடைசி.
அதற்குத் தண்ணியும் அங்கே, சாப்பாடும் அங்கே.

நான்காம் தொட்டி வெடித்த வருஷம்
சிமெண்டு வர எட்டு மாதம் ஆனது.
அதற்குள் அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம்,
புல்லடியில் வானம்பாடி முட்டை.
ஐந்தாம் தொட்டியைச் சுற்றியோ
மொட்டை அடித்த தரை;
குதிரை போட்டுவிட்டுப் போன சாணியில்
சீமைக்கருவேலம் வரிசையாய் முளைத்திருந்தது.
ரேஞ்சரிடம் வரைபடம் இருக்கிறது,
பச்சை, மஞ்சள் எல்லாம் அடித்து.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
நாங்கள் எங்கே வால்வைத் திறக்கிறோமோ
அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது காடு.

இன்று கோடியக்காட்டு முக்கில்
மரகதவல்லி குறுக்கே நின்றாள்.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று,
பச்சை பிளாஸ்டிக் குடங்கள்.
தெருக்குழாயில் நாலு நாளாய்க் காற்று.
“மானுக்கா போவுது?”

வேதரத்தினம் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.
லாக் புத்தகம், லிட்டர் கணக்கு,
மேலதிகாரி பெயர் எல்லாம்
என் நாக்குவரை வந்தன.
இறங்கி வால்வைத் திறந்தேன்.
குடம் நிறையும் சத்தம்
தடித்துத் தொடங்கி
கழுத்துக்கு வருகையில் கீச்சிடும்.
முதல் குடம் கீச்சிடுவதற்குள்
பன்னிரண்டு குடங்கள் நின்றன.
யாரும் யாரையும் கூப்பிட்டதாய்த் தெரியவில்லை.
தொட்டிக்கு மான் வருவதும் இப்படித்தான்.

ஏழாம் தொட்டியில் நான்கு விரல் குறைவு.
புத்தகத்தில் ‘முழு’ என்று எழுதினேன்.
பாலை மரத்துக்குப் பின்னால்
இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

பெட்டைகள் குடித்தன. குதிரைகள் குடித்தன.
இரலைகூட வந்து குடித்துவிட்டுப் போனது.
ஒரு குட்டி, மாசியில் பிறந்தது,
சிமெண்டு விளிம்பில் நெஞ்சை வைத்துக்
கழுத்தை நீட்டியது.
எட்டவில்லை.
சுற்றிவந்து இன்னொரு மூலையில்.
எட்டவில்லை.
ஈரமான சுவரை நக்கிவிட்டு
தாய் போன திசையைப் பார்த்தது.

நான் என் கையைப் பார்த்தேன்.
கட்டைவிரலை மடக்கினால்
சரியாக அந்த அளவு.

நாங்கள் எழுந்தால் அத்தனையும் ஓடிவிடும்.
எழவில்லை.

மேட்டூர் திறக்க நாற்பத்துமூன்று நாள்,
அதுவும் திறந்தால்.
அது கடைமடைக்கு வரும்வரை
மரகதவல்லி முக்கில் நிற்பாள்,
நானும் வால்வைத் திறப்பேன்.
நாளைக்கு ஒரு மண்வெட்டி எடுத்துவர வேண்டும்,
அரை வண்டி செம்மண்ணும்.
ஏழாம் தொட்டியோரம்
நான்கு விரல் உயரத்துக்கு
ஒரு மேடு.
வேதரத்தினம் சொன்னான்,
“அஞ்சு விரலாப் போடு.”